சிண்டிகேட் எப்படி உடைகிறது?

ஒரே சரக்கை விற்கும் நாலைந்து பேர் கூடி விலையைப் பேசி முடித்துவிட்டால், வாங்குகிறவர் கேட்ட காசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரோடு டெண்டரில், பழைய இரும்பு ஏலத்தில், சிமெண்ட் மூட்டை விலையில் இப்படி நடந்திருக்குமோ என்று சந்தேகம் வரும்போதெல்லாம் "சிண்டிகேட் போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்பதுபோல.

ஒரே தொழிலில் இருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு விலையேற்றத்தில்தான் போய் முடியும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவைத்தார். கூட்டாளிகளில் ஒருவர் மனம் மாறினாலும் கூட்டு நிற்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போது மாறும், எதனால் மாறும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கருவிதான் அன்று இல்லை.

சிண்டிகேட்டுக்குப் பத்திரம் கிடையாது. பேச்சை மீறியவர்மீது வழக்குப் போட முடியாது. போட்டால் போடுகிறவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். ஆளுக்கு ஆள் மனசுக்குள் போட்டு வைத்திருக்கும் லாபக் கணக்கு மட்டும்தான் அதைக் கட்டி வைத்திருக்கிறது. நான் என்ன செய்தால் எனக்கு லாபம் என்பது அவர் என்ன செய்வார் என்பதைப் பொறுத்தது, அவருக்கும் அப்படியே. ஒருவர் முடிவு இன்னொருவர் முடிவோடு இப்படிப் பின்னிக் கிடக்கும் நிலைமைகளை ஆராயும் கணிதம்தான் ஆட்டக் கோட்பாடு. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டர்னும் 1944-ல் வெளியிட்ட நூலோடு அது பொருளியலுக்குள் நுழைந்தது. சிண்டிகேட் ஏன் சில காலம் நிற்கிறது, ஏன் உடைகிறது, அதை உடைக்க என்ன செய்யலாம் என்ற மூன்றுக்கும் இந்தக் கோட்பாடு தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்களின் சாரம் இதுதான்: நியாயமான விலை விற்பவரின் நல்ல மனத்தால் கிடைப்பதில்லை, ஆட்டத்தின் விதிகளால் கிடைக்கிறது.

இரண்டே கம்பெனிகள்

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குவோம். டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டையை ஓர் ஊரில் இரண்டு கம்பெனிகள் மட்டும் விற்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு லட்சம் கட்டைகள் போகும். ஒரு கட்டையைச் செய்ய 6 ரூபாய் ஆகிறது. அதை 12 ரூபாய்க்கு விற்கலாம், அல்லது 10 ரூபாய்க்கு விற்கலாம்.

இருவரும் 12-ல் நின்றால் ஆளுக்கு 50,000 கட்டை போகும். கட்டைக்கு 6 ரூபாய் மிச்சம் என்றால் ஆளுக்கு 3 லட்சம். இருவரும் 10-க்கு இறங்கினால் கட்டைக்கு 4 ரூபாய், ஆளுக்கு 2 லட்சம். ஒருவர் மட்டும் இறங்கினால் 90,000 கட்டை அவர் பக்கம் போய்விடும். அவருக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், 12-ல் நின்றவருக்கு வெறும் 60 ஆயிரம்.

இப்போது முதல் கம்பெனியின் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எதிராளி 12-ல் நிற்கிறார் என்றால், நீங்களும் நின்றால் 3 லட்சம், இறங்கினால் 3.6 லட்சம். இறங்குவதே லாபம். எதிராளி ஏற்கெனவே இறங்கிவிட்டார் என்றால், நீங்கள் நின்றால் 60 ஆயிரம், இறங்கினால் 2 லட்சம். அப்போதும் இறங்குவதே லாபம். அவர் என்ன செய்தாலும் உங்களுக்கு ஒரே பதில்தான். எதிர் நாற்காலியில் இருப்பவருக்கும் அதே பதில்தான். முடிவில் இருவரும் 10 ரூபாயில் வந்து நிற்கிறார்கள். ஆளுக்கு 3 லட்சம் எடுக்கும் வழி கண்ணெதிரே இருக்க, 2 லட்சத்தோடு போகிறார்கள்.

அந்த 10 ரூபாயிலிருந்து யாரும் தனியாக நகர மாட்டார்கள், தனியாக நகர்ந்தால் நகர்ந்தவருக்குத்தான் நஷ்டம். இப்படி ஒவ்வொருவரின் முடிவும் மற்றவரின் முடிவுக்குச் சரியான பதிலாக அமைந்து, தனியாக விலகுவதால் எவருக்கும் லாபமில்லாத நிலைக்கு நாஷ் சமநிலை என்று பெயர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ஜான் நாஷ் 1950-ல் இரண்டே பக்கக் கட்டுரை ஒன்றில், எத்தனை பேர் ஆடும் ஆட்டமானாலும், வாய்ப்புகள் எண்ணி முடிக்கக்கூடியவையாக இருந்தால், இத்தகைய சமநிலை ஒன்றாவது இருந்தே தீரும் என்று நிறுவினார். 1994-ல் அவருக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது. சந்தையைப் பொறுத்தவரை இந்தச் சிந்தனையின் வேர் இன்னும் பழையது. அந்துவான் கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 1838-லேயே, கனிம நீர் ஊற்று வைத்திருக்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்து எவ்வளவு விற்பார்கள் என்ற கணக்கை இதே முறையில் போட்டிருந்தார்.

இந்தக் கணக்கில் ஒருவரை இன்னும் நாம் பார்க்கவில்லை. இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து இழந்தது மாதம் 2 லட்சம். கட்டைக்கு 2 ரூபாய் வீதம் ஒரு லட்சம் கட்டையில் வாங்குகிறவர்கள் மிச்சம் பிடித்ததும் அதே 2 லட்சம். விற்பவர்களுக்குப் பொறியாகத் தெரிவது வாங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பு. இதை மறந்துவிட்டால் அடுத்து வருவது எதுவும் பிடிபடாது.

நூறு முறை ஆடியபோது

இந்தப் பொறி பரவலாக அறியப்பட்டது கைதிகளின் இக்கட்டு என்ற பெயரில். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் இருந்த ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃப்ளட், மெல்வின் டிரெஷர் என்ற இருவர் 1950 ஜனவரியில் இதை ஓர் ஆட்டமாக அமைத்தார்கள். சில மாதங்கள் கழித்து, நாஷின் ஆசிரியர் ஆல்பர்ட் டக்கர் உளவியலாளர்கள் முன்பு பேச வேண்டியிருந்தது. கணக்கை அப்படியே சொல்வதற்குப் பதிலாக, தனித்தனி அறையில் அடைக்கப்பட்ட இரண்டு கைதிகளின் கதையாக அதை மாற்றிச் சொன்னார். இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் சின்னத் தண்டனை. ஒருவர் மட்டும் மற்றவரைக் காட்டிக்கொடுத்தால் அவருக்கு விடுதலை, மற்றவருக்குப் பெரிய தண்டனை. இருவரும் காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் நடுத்தரத் தண்டனை. நம் பேட்டரிக் கணக்கின் அதே அமைப்பு.

ஃப்ளட்டும் டிரெஷரும் கணக்கோடு நிறுத்தவில்லை, ஆட வைத்தும் பார்த்தார்கள். ஆடியவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். ஒருவர் ஆர்மென் ஆல்ச்சியன் என்ற பொருளியலாளர். மற்றவர் ராண்டின் கணிதத் துறைத் தலைவர் ஜான் வில்லியம்ஸ். நூறு முறை ஆடினார்கள். ஒவ்வொரு முறையும் தம் மனதில் ஓடியதைக் குறித்தும் வைத்தார்கள். சமநிலைக் கணக்குப்படி இருவரும் நூறு முறையும் ஒத்துழைக்காமல் இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. வில்லியம்ஸ் 78 முறையும் ஆல்ச்சியன் 68 முறையும் ஒத்துழைத்தார்கள். 60 முறை இருவரும் சேர்ந்தே ஒத்துழைத்திருந்தார்கள்.

கோட்பாடு பொய்த்துவிட்டதா? சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்ட நாஷ் அதன் அமைப்பிலேயே ஒரு கோளாறைச் சுட்டினார். நூறு தடவை ஆடியது நூறு தனித்தனி ஆட்டங்கள் ஆகிவிடாது, அது நூறு நகர்வுகள் கொண்ட ஒரே பெரிய ஆட்டம் என்றார். இந்தச் சுற்றில் நான் செய்வதைப் பார்த்து அடுத்த சுற்றில் அவர் பதில் சொல்வார். நாளை என்று ஒன்று வந்துவிட்டால் இன்றைய கணக்கு மாறிவிடுகிறது.

நாளை வரும் லாபம்

கம்பெனிகளும் ஒரே நாள் விற்றுவிட்டுக் கடையைக் கட்டுவதில்லை. நம் இரண்டு பேட்டரிக் கம்பெனிகளும் மாதாமாதம் சந்திக்கின்றன. 12 ரூபாய் என்று பேசிக்கொள்கிறார்கள். கூடவே இன்னொன்றும் பேசாமலே புரிந்துகொள்ளப்படுகிறது: நீ ஒரு முறை இறங்கினால், அதன்பிறகு நான் எப்போதும் 10-ல்தான் நிற்பேன்.

இப்போது ஏமாற்றுவதால் என்ன கிடைக்கும்? முதல் மாதம் 60 ஆயிரம் கூடுதல். அடுத்த மாதத்திலிருந்து, 3 லட்சம் வர வேண்டிய இடத்தில் 2 லட்சம். மாதம் ஒரு லட்சம் நஷ்டம். ஒவ்வொரு மாதமும், அடுத்த மாதம் இந்த வியாபாரம் தொடர்வதற்குப் பத்தில் நான்கு வாய்ப்பு இருந்தால் போதும், ஏமாற்றாமல் இருப்பதே லாபம் என்று கணக்கு சொல்கிறது. பத்துக்குப் பத்து உறுதி தேவையில்லை. எதிர்காலம் ஓரளவு கண்ணுக்குத் தெரிந்தாலே பேராசைக்காரர்கள்கூட ஒருவருக்கொருவர் வாக்குத் தவறாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். இந்தத் தொடர் ஆட்டங்களின் கணிதத்தை ஆழமாக வகுத்தவர் இஸ்ரேலியக் கணிதவியலாளர் ராபர்ட் ஆமன். 2005-ல் தாமஸ் ஷெல்லிங்கோடு நோபல் பெற்றார்.

இதையே கணினியில் ஆட்டப் போட்டியாக நடத்திப் பார்த்தவர் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியல் அறிஞர். கைதிகளின் இக்கட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் நிரல்களை அனுப்பச் சொல்லி ஆய்வாளர்களை அழைத்தார். முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன, இரண்டாவதற்கு 62. இரண்டிலும் வென்றது அனட்டோல் ராப்பப்போர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல். முதல் முறை ஒத்துழைப்பது. அதன்பின் எதிராளி போன முறை செய்ததையே திருப்பிச் செய்வது. அவ்வளவுதான். ஆக்சல்ராட் 1984-ல் எழுதிய நூலுக்குப் பிறகு இந்த முடிவு மனிதர்களிடையே ஒத்துழைப்பு எப்படி வேர்விடுகிறது என்பதற்கு நம்பிக்கையூட்டும் சான்றாகப் பேசப்பட்டது. பேசப்பட்டது சரிதான். ஆனால் அண்டை வீட்டாரை ஒத்துழைக்க வைக்கும் அதே கணிதம், சிண்டிகேட்டையும் கட்டி நிறுத்துகிறது. யார் யாரோடு ஒத்துழைக்கிறார், செலவு யார் தலையில் விழுகிறது என்று கேட்காமல் ஒத்துழைப்பைப் புகழ முடியாது.

ஏமாற்றியவரைக் கண்டுபிடிப்பது யார்?

மேலே போட்ட கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் இறங்கினால் மற்றவருக்கு அடுத்த மாதமே தெரிந்துவிடும் என்று வைத்துக்கொண்டோம். தெரிய மூன்று மாதம் ஆனால்? ஏமாற்றியவர் 60 ஆயிரத்துக்குப் பதில் 1 லட்சத்து 80 ஆயிரம் எடுத்துவிடுவார். ஆறு மாதம் ஆனால் இன்னும் அதிகம். ஆகவே சிண்டிகேட்டின் உயிர் பிடிபடும் வேகத்தில் இருக்கிறது. பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1964-ல் இதை அழுத்திச் சொன்னார்: கூட்டாளிகளுக்கு உண்மையான தலைவலி விலையை முடிவுசெய்வதில் இல்லை, இரகசியமாகத் தள்ளுபடி கொடுப்பவரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

பெட்ரோலிய ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக் இதற்குத் திறந்த புத்தகம். எந்த நாட்டுச் சட்டமும் தொட முடியாத கூட்டு அது. 1982-ல் உறுப்பு நாடுகளுக்கு உற்பத்தி வரம்பு வைத்தார்கள். வரம்பை மீறிக் கூடுதலாகத் தோண்டுவதும், பண்டமாற்று என்றும் தள்ளுபடி என்றும் வேறு பெயரில் மலிவாக விற்பதும் உடனே தொடங்கின. விலையைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பைச் சவூதி அரேபியா ஏற்றது. மற்றவர்கள் மீறியதை ஈடுகட்டத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1981-ல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடி பீப்பாய் எடுத்த நாடு, 1985-ன் நடுவில் 25 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. ஒருவர் மட்டும் 12-ல் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தோமே, அதுதான் நடந்தது. கடைசியில் சவூதி பொறுமை இழந்து குழாயைத் திறந்துவிட்டது. முப்பது டாலரை ஒட்டி இருந்த பீப்பாய் விலை 1986-ன் நடுவில் பத்து டாலரை ஒட்டி விழுந்தது. அந்தக் கொள்கையின் முகமாக இருந்த எண்ணெய் அமைச்சர் யமானி அதே ஆண்டு அக்டோபரில் பதவி இழந்தார்.

நாடுகள் செய்யத் தவறியதைச் சில கம்பெனிகள் நேர்த்தியாகச் செய்தன. பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை 1990-களின் தொடக்கத்தில் உலகில் ஐந்தே பெரிய கம்பெனிகள் செய்தன: அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட், ஜப்பானின் அஜினோமோட்டோவும் கியோவா ஹாக்கோவும், இரண்டு கொரியக் கம்பெனிகள். அமெரிக்கக் கம்பெனி புதிதாக உள்ளே வந்ததும் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. 1992 ஜூனில் மெக்சிகோ நகரில் கூடி விலையைப் பேசினார்கள். விலை ஏறியது. ஆனால் அடுத்த வசந்த காலத்திலேயே மறுபடி விழுந்தது. விலை மட்டும் பேசி, யார் எவ்வளவு விற்பது என்று பேசாததுதான் காரணம். ஆளாளுக்கு அளவைக் கூட்டினார்கள்.

1993 அக்டோபரில் கலிபோர்னியாவில் நடந்த சந்திப்பில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் விற்பனை அளவு ஒதுக்கப்பட்டது. மாதாமாதம் எவ்வளவு விற்றோம் என்று ஒவ்வொருவரும் அஜினோமோட்டோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே அது ஒரே பட்டியலாகத் தொகுக்கப்படும். ஆண்டு முடிவில் ஒதுக்கியதைவிட அதிகம் விற்றவர், குறைவாக விற்றவரிடமிருந்து சரக்கு வாங்கி ஈடு செய்ய வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏமாற்றினால் மாதக் கணக்கில் தெரிந்துவிடும். ஏமாற்றி எடுத்த லாபம் ஆண்டுக் கடைசியில் கையைவிட்டுப் போய்விடும். அதனால் ஏமாற்றும் ஆசையே எழாது. கோட்பாடு கேட்கும் நிபந்தனைகள் ஒவ்வொன்றையும் அந்த விற்பனை அதிகாரிகள் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கண்டுபிடிக்காதது ஒன்றுதான். அவர்களில் ஒருவர் அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்குத் தகவல் தந்துகொண்டிருந்தார். பேச்சு முழுவதும் பதிவாகிக்கொண்டிருந்தது. 1996-ல் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் லைசினுக்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் சேர்த்து 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதன் உயர் அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள்.

விலை விவரம் வெளிப்படையாக இருப்பது நல்லது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். டென்மார்க்கின் போட்டித் துறையும் அப்படித்தான் எண்ணியது. 1993-ல் தயார்நிலை கான்கிரீட் விற்கும் கம்பெனிகள் உண்மையில் என்ன விலைக்கு விற்றன என்று சேகரித்து வெளியிடத் தொடங்கியது. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் வரை ஏறிவிட்டது. வாங்குகிறவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று வெளியிட்ட பட்டியல், யார் இரகசியமாகத் தள்ளுபடி கொடுக்கிறார் என்று விற்பவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. தள்ளுபடி நின்றது. நல்ல எண்ணம் இருந்தால் போதாது. அந்த விவரத்தை யார் எதற்குப் பயன்படுத்துவார் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் வருகிறவருக்கு மன்னிப்பு

வெளியிலிருந்து சிண்டிகேட்டைப் பிடிப்பது மிகக் கடினம். இரண்டு கம்பெனிகள் ஒரே விலை வைப்பது குற்றமில்லை. பேசி வைத்தார்கள் என்று காட்ட வேண்டும். பேசியதற்கு உள்ளே இருந்தவர் மட்டுமே சாட்சி. ஆகவே சட்டம் வேறு வழியில் போனது. கூட்டாளிகளைக் கைதிகளின் இக்கட்டைப் போன்ற ஓர் ஆட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

1993 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை தன் மன்னிப்புத் திட்டத்தைத் திருத்தி எழுதியது. விசாரணை தொடங்குவதற்கு முன் முதலில் வந்து ஒப்புக்கொள்ளும் கம்பெனிக்கு முழு மன்னிப்பு. அதிகாரியின் தயவு தேவையில்லை, நிபந்தனைகள் நிறைவேறினால் தானாகவே கிடைக்கும். முதல் கம்பெனிக்கு மட்டும். இரண்டாவதாக வருகிறவர் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தாலும் அவருக்கு அது கிடையாது. விண்ணப்பங்கள் பல மடங்கு பெருகின.

இந்த விதியின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாரும் வாய் மூடியிருந்தால் எல்லாருக்கும் நல்லதுதான். அதுவும் ஒரு சமநிலை. எல்லாரும் முந்திக்கொண்டு ஓடுவதும் ஒரு சமநிலை. எதில் போய் விழுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கை. மற்றவர் பேசிவிடுவாரோ என்ற சந்தேகம் கொஞ்சம் வந்தாலும் போதும், முந்திக்கொள்வதே புத்திசாலித்தனம் ஆகிவிடும். ஆகவே சட்டத்தின் கையில் எல்லா ஆதாரமும் இருக்க வேண்டியதில்லை. சந்தேகத்தை விதைக்கத் தெரிந்தால் போதும்.

1999-ல் வைட்டமின் சிண்டிகேட் உடைந்தது இப்படித்தான். பிரான்சின் ரோன்-பூலென்க் முந்திக்கொண்டு ஒத்துழைத்து அமெரிக்காவில் அபராதத்திலிருந்து தப்பியது. சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ் 50 கோடி டாலர் கட்டியது. ஐரோப்பாவில் லாரி தயாரிப்பாளர்கள் 14 ஆண்டுகள் நடத்திய கூட்டில், முதலில் போய்ச் சொன்ன மான் கம்பெனிக்கு 2016-ல் ஏறத்தாழ 120 கோடி யூரோ அபராதம் தள்ளுபடி ஆனது. மற்றவர்கள் கட்ட வேண்டியிருந்தது 293 கோடி யூரோ.

இந்தியாவிலும் 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 46-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. அதற்கான விதிகளின்படி முதலில் வருபவருக்கு 100 சதவீதம் வரையும், அடுத்தவருக்கு 50 வரையும், மூன்றாமவருக்கு 30 வரையும் அபராதக் குறைப்பு கிடைக்கலாம். இந்த விதியின் வேலை முழுமையாகத் தெரிந்த வழக்கு, நாம் மேலே கற்பனையாகப் போட்ட அதே பேட்டரிக் கட்டையைப் பற்றியது. எவரெடி, பானாசோனிக், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிப்போ ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாகப் பேசிவைத்து விலையை ஏற்றின என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. முதலில் போய் ஆணையத்திடம் சொன்னது பானாசோனிக். அதன்பின் சோதனை நடந்தது. சோதனைக்குப் பிறகு மற்ற இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஒப்புக்கொள்ள வந்தார்கள். பானாசோனிக்குக்குக் கணக்கிட்ட அபராதம் ஏறத்தாழ 74 கோடி ரூபாய். அது முழுவதும் தள்ளுபடி. எவரெடிக்கு 30 சதவீதம் குறைத்து 171.55 கோடி, நிப்போவுக்கு 20 சதவீதம் குறைத்து 42.26 கோடி. எவரெடி மேல்முறையீட்டுக்குப் போனது.

தப்பு செய்தவர் ஒருவர் காசு கட்டாமல் போவது நியாயமா என்று கோபம் வருவது இயல்பு. எனக்கும் அது முதலில் உறுத்தியது. ஆனால் அந்த மன்னிப்பின் பலனை நடந்து முடிந்த ஒரு வழக்கை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. அடுத்த முறை மூன்று பேர் ஒரு அறையில் கூடி விலை பேச உட்காரும்போது, இவர்களில் யார் முதலில் போய்ச் சொல்வார் என்ற எண்ணம் மூவர் மனதிலும் ஓடும். அந்த எண்ணத்தால் தொடங்காமலே போகும் சிண்டிகேட்டுகள் எந்த வழக்குப் பட்டியலிலும் வராது. அதன் பலன், டார்ச் லைட்டுக்குக் கட்டை வாங்கும் ஒவ்வொருவர் பையிலும் சில ரூபாய்களாகத் தங்குகிறது.

ஒப்புக்கொள்ள ஆளே இல்லாதபோது

இந்த ஆயுதத்துக்கு ஓர் எல்லை உண்டு. காட்டிக்கொடுக்க ஒரு மனிதர் வேண்டும். இன்று விமான டிக்கெட், ஹோட்டல் அறை, இணையக் கடைச் சரக்கு என்று பலவற்றின் விலையை மென்பொருளே நிமிடத்துக்கு நிமிடம் வைக்கிறது. எமிலியோ கால்வானோவும் அவருடைய மூன்று இத்தாலியச் சகாக்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், தானாகக் கற்றுக்கொள்ளும் விலை நிரல்களைக் கணினிச் சந்தையில் ஒன்றுக்கொன்று எதிராக விட்டார்கள். அவை ஒன்றோடொன்று பேசவில்லை. கூட்டுச் சேருங்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. இருந்தும் போட்டி விலைக்கு மேலே விலையை நிறுத்தக் கற்றுக்கொண்டன. ஒன்று இறங்கினால் மற்றொன்று உடனே இறங்கித் தண்டித்தது. பிறகு இரண்டும் படிப்படியாகப் பழைய உயரத்துக்கு ஏறின. ஜெர்மனியின் பெட்ரோல் பங்க்குகளை ஆராய்ந்தவர்களும், இரண்டே பங்க் உள்ள இடங்களில் இரண்டும் இத்தகைய மென்பொருளுக்கு மாறிய பிறகு லாப விகிதம் ஏறியதைக் கண்டார்கள். ஒன்று மட்டும் மாறியபோது ஏறவில்லை.

பேசாதவர்களுக்கு மன்னிப்பு கொடுத்து என்ன பயன்? இங்கே விதி எழுதுகிறவர் கணக்கின் மற்ற உறுப்புகளைத் தொட வேண்டியிருக்கும். இறங்கியவரைக் கண்டுபிடிக்கும் வேகம்தான் கூட்டின் உயிர் என்று பார்த்தோம். விலையை இத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம் என்று வைத்தால், உடனடித் தண்டனையின் பல் பிடுங்கப்படும். போட்டியாளர்கள் எல்லாருக்கும் ஒரே நிறுவனம் விலை மென்பொருள் தருவதைத் தடுக்கலாம். இவற்றில் எது எந்தச் சந்தைக்குப் பொருந்தும் என்பதை அந்தந்த ஆட்டத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தே சொல்ல முடியும்.

ஆனால் மென்பொருள் எதுவும் இல்லாத இடத்தில், இன்றே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அரசு அலுவலகங்களின் டெண்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். விலைப்புள்ளி கொடுக்கும் முன் எல்லாரையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்தால், யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கே சொல்லிக் கொடுத்தது ஆகிவிடும். ஒரே மாதிரியான சின்னச் சின்ன டெண்டர்களாகப் பிரித்து மாதாமாதம் விட்டால், இந்த முறை உனக்கு அடுத்த முறை எனக்கு என்று முறை வைத்துக்கொள்ள வசதியாகிவிடும். அதே வேலையைச் சேர்த்து ஒரே பெரிய டெண்டராக எப்போதாவது விட்டால், அதை எடுக்கக் கூட்டாளியை ஏமாற்றும் ஆசை பெருகும். தகுதி நிபந்தனைகளைத் தேவைக்கு மேல் இறுக்கினால் மிஞ்சுவது நாலைந்து பேர்தான். நாலைந்து பேர் என்றால் பேசி முடிப்பது சுலபம். இவை எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். டெண்டர் அறிவிப்பை எழுதுகிற அதிகாரி, கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இந்த விதிகளை வைத்துக்கொண்டு நான் விற்பவனாக இருந்தால் என்ன செய்வேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பொதுப்பணத்தைச் செலவிடும் ஒவ்வொருவரும் கற்றிருக்க வேண்டிய கணக்கு இது.